இரண்டாவது அம்பு

அடுத்தது யாழரசி, அவளுக்கு அப்புறம் நான். அமுதவல்லி மேடம் சுவர்ப்பக்கத்து பெஞ்சுகளிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டே வருகிறார், ஆளுக்கொரு வினை, கரும்பலகையில் அம்புக்குறி போட்டு எலெக்ட்ரான் எங்கிருந்து எங்கே போகிறது என்று விளக்க வேண்டும், வாயால் விளக்க வேண்டும், "பேசிக்கிட்டே போடணும், ஊமைப்படம் காட்டக் கூடாது" என்று போன வாரமே சொல்லிவிட்டார், அதற்கு வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன், சிரிப்புக்கு எந்த எழுத்தும் தேவைப்படுவதில்லை. சாப்பாட்டுக்குப் பிந்திய வகுப்பு. மின்விசிறி கடக் கடக்கென்று ஒரே இடத்தில் இடறி இடறிச் சுற்றுகிறது. பக்கத்து லேபிலிருந்து அழுகின முட்டை நாற்றம், இரண்டாம் வருஷத்துக்காரர்கள் உப்பு சோதனை செய்கிறார்கள் போலிருக்கிறது, முதல் வாரம் இந்த நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டேன், இப்போது இது வந்தால்தான் நான் கல்லூரியில் படிக்கிறேன் என்று எனக்கே நம்பிக்கை வருகிறது. என் வலப்பக்கம் பெர்னத். பெர்னத்மேரி, கல்லூரி திறந்த நாளிலிருந்து என் பெஞ்சு, என் சிநேகிதி, வாயை மூடத் தெரியாதவள், ஆனால் சாப்பாட்டு நேரத்திலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வழக்கமாக என் மேல் சாய்ந்துகொண்டுதான் உட்காருவாள், இன்றைக்கு அவள் முழங்கை என் முழங்கையில் படாமல் ஒடுங்கியிருக்கிறது. சாப்பிடும்போது நான் சொன்ன ஒரு சொல்தான் காரணம். சொல்லியிருக்கக் கூடாதோ. சொல்லாமலும் முடியாது. யாழரசி எழுந்து போகிறாள், நடையில் கொஞ்சமும் பயமில்லை, நன்றாகப் பேசுகிறவர்களுக்குத் தாங்கள் பேசுகிறோம் என்பதே தெரிவதில்லை.

வினைக்கு வருவோம். வினையை நினைத்தால் பயம் சற்றுத் தள்ளி நிற்கும். எனக்கு வந்திருப்பது டெர்ஷியரி பியூட்டைல் புரோமைடு தண்ணீரோடு சேர்கிற வினை. நடுவில் ஒரு கார்பன், அதன் மூன்று கைகளில் மூன்று மீத்தைல், நாலாவது கையில் புரோமின். முதலில் புரோமின் கழன்று போகிறது, போகும்போது தன்னையும் கார்பனையும் சேர்த்துக் கட்டியிருந்த இரண்டு எலெக்ட்ரான்களையும் தானே எடுத்துக்கொண்டு போய்விடுகிறது, அதுதான் முதல் அம்பு, பிணைப்பின் நடுவில் தொடங்கிப் புரோமினில் முடிகிறது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. பறிகொடுத்து நிற்கிற கார்பனின் தலைமேல் ஒரு பிளஸ். அதற்குப் பெயர் கார்போகேட்டயான். அப்புறம் தண்ணீர் அதோடு சேர்கிறது. இந்த இரண்டாவது அம்பு எங்கே தொடங்க வேண்டும்? கார்பனிலிருந்து தண்ணீருக்கா, தண்ணீரிலிருந்து கார்பனுக்கா? மேடம் அன்றைக்குப் பலகையில் போட்டபோது நான் முதல் அம்பை எழுதிக்கொண்டிருந்தேன், நிமிர்வதற்குள் டஸ்டர் போய்விட்டது. பெர்னத்தின் நோட்டில் பார்த்தேன், அவள் இரண்டு பக்கமும் தலை உள்ள ஓர் அம்பைப் போட்டு வைத்திருந்தாள், எதற்கும் இருக்கட்டும் என்று. ஒரு கேள்வி கேட்டால் தீர்ந்துபோகிற விஷயம். கையைத் தூக்கி, எழுந்து, மேடம் அந்த அம்பு எங்கேயிருந்து என்று கேட்டால் ஆயிற்று. பள்ளிக்கூடத்திலும் சரி இங்கேயும் சரி, நான் எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்டதில்லை. அதனால் நானே யோசித்தேன், நேற்றெல்லாம் யோசித்தேன், பென்சிலால் போட்டு அழித்துப் போட்டு அழித்துத் தாள் அந்த இடத்தில் மெலிந்து மறுபக்கத்து எழுத்து தெரிகிறது. கார்பனுக்குத்தானே குறை. குறை உள்ளவர்தானே போக வேண்டும், போய்க் கேட்க வேண்டும். ஆகவே பிளஸ்ஸிலிருந்து தண்ணீருக்கு. சரியாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் முதல் அம்பு எலெக்ட்ரான் இருந்த இடத்தில் அல்லவா தொடங்கியது, அப்படியென்றால்... மறுபடி அதே இடத்தில் வந்து நிற்கிறேன். இருந்தாலும் இப்படி நிற்பது எனக்குப் பிடித்திருக்கிறது. அம்பு போட ஆரம்பித்துவிட்டால் எனக்கு ஒரு வாய் இருப்பது மறந்துபோகிறது. அணுக்கள் ஒன்றிடமிருந்து ஒன்று கழன்று இன்னொன்றோடு சேர்கின்றன, ஒரு சத்தமில்லை, யாரும் யார் உதட்டையும் பார்த்துக் காத்து நிற்பதில்லை. இந்த அம்புகளுக்காகவே இந்தப் படிப்பைக் கும்பிடலாம்.

எனக்குத் திக்கும். சின்ன வயதிலிருந்தே. எல்லா எழுத்துக்கும் இல்லை, வல்லினத்துக்குத்தான். க வந்தால் நாக்கின் அடிப்பாகம் மேலண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும், ப வந்தால் உதடுகள் பூட்டிக்கொள்ளும், த வந்தால் பல்லுக்குப் பின்னால் ஒரு கல். மெல்லினமும் இடையினமும் பெரும்பாலும் விட்டுவிடும். இலக்கண வகுப்பில் வல்லினம் மெல்லினம் இடையினம் என்று டீச்சர் பிரித்துச் சொன்ன அன்று, என் நோயை எனக்கு முன்னாலேயே யாரோ அறிந்து பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று ஆச்சரியமாக இருந்தது. அதன் பிறகு நான் சொற்களை மாற்றிப் போடக் கற்றுக்கொண்டேன். தண்ணி என்று வராது, நீர் என்பேன், இந்தப் பிள்ளை என்ன செந்தமிழில் கேட்கிறது என்று சிரிப்பார்கள், சிரித்தால் சிரிக்கட்டும், நீர் கிடைத்துவிடும். பஸ் வண்டியாகும், கடை அங்காடியாகும், பயமாயிருக்கு என்று சொல்ல வராமல் அச்சமாயிருக்கு என்பேன். ஒரு பொருளுக்கு இத்தனை பெயர் வைத்த தமிழுக்கு நான் எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறேன் என்பது எனக்குத்தான் தெரியும், ஒரு பெயர் கதவைச் சாத்தினால் இன்னொன்று திறந்துகொண்டு வா என்றது. வேதியியலில் அது நடக்காது. கார்பன் என்றால் கார்பன்தான்.

என் பெயரே வல்லினம். புனிதவதி. கல்லூரியின் முதல் நாள் எல்லோரும் எழுந்து பெயர் சொன்னார்கள், என் முறை வந்தபோது உதடு பூட்டிக்கொண்டது, அறுபது முகங்கள் திரும்பிப் பார்க்க என் மோவாய் நடுங்க ஆரம்பித்தது, வேறு பெயரா வைத்திருக்கிறேன் மாற்றிச் சொல்ல, கடைசியில் பெயரின் பாதியை உள்ளேயே விட்டுவிட்டு "வதி" என்றேன். "வதியா? அப்படி ஒரு பேரா?" என்றார் ஒரு சார். அப்போது பக்கத்திலிருந்து, அதுவரை நான் பார்த்தேயிராத ஒரு பெண், எண்ணெய் வழியப் படிந்த தலையும் கழுத்தில் சின்னச் சிலுவையுமாக, எழுந்து நின்று "ஆமா சார், வதி. அவங்க ஊர்ல வைப்பாங்க" என்றாள். எந்த ஊர் என்று அவளுக்குத் தெரியாது. அதுதான் பெர்னத். அன்றிலிருந்து கல்லூரி முழுக்க நான் வதி, வீட்டில் மட்டும் புனிதா. அன்றிலிருந்து எனக்காகப் பேசுகிற வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். பஸ்ஸில் எனக்கும் சேர்த்து டிக்கெட் கேட்பாள், நூலகத்தில் எனக்குப் புத்தகம் கேட்பாள், லேபில் என் பியூரெட் அளவை அவளே போய்ச் சொல்வாள், யாராவது என்னிடம் மணி கேட்டால்கூட என் கைக்கடிகாரத்தைப் பார்த்து அவள் பதில் சொல்வாள். நான் ஒரு சொல்லின் முதல் எழுத்தைத் தொட்டால் போதும், மீதியை எடுத்து ஓடிவிடுவாள், பத்துக்கு ஏழு தடவை நான் சொல்ல வந்ததும் அதுவாகவே இருக்கும். அப்பாவிடம் அவளைப் பற்றிச் சொன்னபோது அவர் கண் கலங்கினார். அப்பா தொட்டியம் வாழைமண்டியில் ஏலம் கூவுகிறவர், ஒரு மூச்சில் ஒரு லாரி வாழைத்தாரை விற்றுவிடுகிற குரல், எதிர்த் தெருவில் நின்றால்கூடக் கேட்கும், அந்தக் குரலுக்குப் பிறந்தவள் நான். கல்லூரியில் சேர்க்க வந்த அன்று அதே குரலைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு அலுவலகத்தில் இருந்தவரிடம் "பாப்பாவுக்குக் கொஞ்சம் திக்கும் சார், வாய்க்கேள்வி மட்டும் கேக்காம பாத்துக்கிட்டீங்கன்னா புண்ணியமா போகும்" என்றார். நான் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா யாரிடமும் குரலைக் குறைத்துப் பேசி நான் கேட்டதில்லை. அவர்மேல் நன்றியாக இருந்தது, அவர் கையை உதறிவிட்டு ஓடவேண்டும் போலவும் இருந்தது, இரண்டும் ஒரே சமயத்தில்.

பெர்னத்திடமும் அப்படித்தான். சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்துப் புங்கமரத்தடியில் சாப்பிட உட்கார்ந்தோம், அவள் எலுமிச்சை சாதம், நான் தக்காளி சாதம், பாதிக்குப் பாதி மாற்றிக்கொண்டோம், இன்றைக்கு எப்படியும் என் முறை வந்துவிடும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். நான் காலையிலிருந்து அந்த வாக்கியத்தை உள்ளே உருட்டிக்கொண்டிருந்தேன். "இன்னிக்கு என் முறை வர்றப்ப, நீ... சொ... சொ..." என்றேன். "சொல்லிக் குடுக்கணும், அவ்வளவுதானே? நான் வாயசைக்கிறேன், நீ என்னையே பாத்துக்கிட்டு நில்லு, விடுடி" என்றாள் அவள். "இல்ல, சொ..." "முழுசா நானே சொல்லிடவா? மேடம்கிட்ட கேட்டுப் பாக்கறேன், வதி போடட்டும் மேடம், நான் சொல்றேன்னு." "சொல்லாதே" என்றேன். அந்த ஒரு சொல், அவள் ஒருபோதும் எடுத்து முடித்திருக்க முடியாத சொல். அவள் கை சாதத்தோடு நின்றுவிட்டது. "ஏன்டி?" என்றாள். எனக்கு அதற்குப் பதில் இருந்தது, நீளமான பதில், நீ சொல்லிச் சொல்லி என் வாய் உன்னிடம் போய்விட்டது பெர்னத், நீ நல்லவள் என்பதால்தான் அதைத் திருப்பிக் கேட்கக் கஷ்டமாயிருக்கிறது, கேலி செய்கிறவர்களை எனக்கு எப்படிச் சமாளிப்பது என்று தெரியும், உன்னைத்தான் தெரியவில்லை, வழியெல்லாம் வல்லினம், எல்லாம் உள்ளேயே நின்றது. "நான் உனக்கு ஒத்தாசைதானேடி பண்றேன்? உன்னைப் பாத்துச் சிரிக்கிறவளுங்கள எல்லாம் விட்டுட்டு என்னைப் போய்ச் சொல்றே" என்றாள், மூக்கு நுனி சிவந்துவிட்டது, மீதிச் சாதத்தோடு டிபன் பாக்ஸை மூடினாள், மூடி சரியாக உட்காரவில்லை, அழுத்தி அழுத்தி மூடினாள். பிறகு எழுந்து குழாயடிக்குப் போய்விட்டாள். நான் புங்க இலை ஒன்றைத் துண்டு துண்டாகக் கிள்ளிக்கொண்டிருந்தேன்.

"வதி, வா." யாழரசி எப்போது முடித்தாள்? நான் எழுந்துவிட்டேன். பெஞ்சுக்கும் பலகைக்கும் நடுவில் இருப்பது கொஞ்ச தூரம்தான், அதற்குள் பழைய இடங்களெல்லாம் வந்து போகின்றன, ஆறாம் வகுப்பில் காலாண்டு என்று சொல்ல வந்து கா கா என்று நின்றபோது கடைசி வரிசையில் ஒருவன் கா கா என்று பதில் கொடுத்தான், அப்புறம் பள்ளி முடியும் வரை நான் காக்காதான், ஜன்னலில் நிஜக் காக்கா உட்கார்ந்தால் உன் சொந்தக்காரர் வந்திருக்கிறார் என்பார்கள். பிளஸ் டூவில் ஆங்கில டீச்சர் என்னை எழுப்பிவிட்டு என் உதட்டையே பார்த்தார், அவருக்கே மூச்சு முட்டியது போலாகி "பரவாயில்லம்மா, உக்காரு, உக்காரு" என்றார். எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். பரவாயில்லை, உட்கார். நல்லவர்கள்தான் எல்லோரும். உட்கார்ந்து உட்கார்ந்தே பள்ளிக்கூடம் முடிந்தது. சாக்பீஸ் கையில் ஈரமாக இருக்கிறது. கார்பனைப் போட்டேன், மூன்று மீத்தைல் போட்டேன், புரோமினைப் போட்டேன். "வாயைத் திற, பேசு" என்றார் மேடம், ஜன்னல் ஓரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், அவருக்கு இன்னும் பல பேரைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவர் முகத்தில் இருந்தது.

"இந்த வினையில முதல்ல" என்றேன். வந்துவிட்டது, இ, மு, எல்லாம் நட்பு எழுத்துகள். "முதல்ல இந்த பு... பு... புரோமின் வெளியேறுது. ரெண்டு எலெக்ட்ரானையும் எடுத்துக்கிட்டு." முதல் அம்பை வளைத்துப் போட்டேன், அழகாக வந்தது, பிறை மாதிரி. யாரும் சிரிக்கவில்லை, அல்லது எனக்குக் கேட்கவில்லை. "அதனால மிச்சம் இருக்கிறது" என்று சொல்லிப் பிளஸ்ஸைப் போட்டேன், வாயைத் திறந்தேன், நின்றுவிட்டேன். கா. நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டது. காற்று இருக்கிறது, நெஞ்சு முழுக்க இருக்கிறது, வழியில்லை. கழுத்து நரம்பு இழுக்கிறது, இடது கண் தானாகச் சுருங்குகிறது, அது எவ்வளவு விகாரமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும், கண்ணாடி முன் நின்று பார்த்திருக்கிறேன். மின்விசிறி கடக்கென்றது. லேபில் ஏதோ கண்ணாடி உருண்டது. கா. வகுப்பு என் முதுகின் மேல் இருந்தது. அப்போது ஓர் இடுக்கில் வெளிச்சம் மாதிரி அது வந்தது, நேரயனி. பிளஸ் டூவில் தமிழ்வழியில் படித்தவள்தானே நான், நேர்மின் அயனி, நேரயனி, நே என்று நாக்கு நுனியில் தயாராக நிற்கிறது, மெல்லினம், வழுக்கிக்கொண்டு வந்துவிடும், மேடமும் ஒப்புக்கொள்வார், வேதியியலிலும் எனக்கு ஒரு பின்வாசல் இருக்கத்தான் செய்கிறது. சொல்லிவிடலாம். நாக்கு கீழே இறங்கத் தொடங்கிவிட்டது. பின்பெஞ்சிலிருந்து நிவேதா, கெட்டவள் இல்லை, தாங்க முடியாமல், "கார்போகேட்டயான்!" என்றாள்.

பெஞ்சு நகர்கிற சத்தம். எனக்குத் திரும்பாமலே தெரிந்தது அது எந்த பெஞ்சு என்று. பெர்னத் எழுந்துவிட்டாள், அவ்வளவுதான், இனி அவள் சொல்லிவிடுவாள், கார்போகேட்டயானும் தண்ணீரும் எல்லாமும், நான் பொம்மை மாதிரி அம்பு போட்டுவிட்டு வந்து உட்கார வேண்டியதுதான் என்று நினைத்தேன். நினைத்தபோது நெஞ்சில் ஒரு நிம்மதியும் வந்தது, அதையும் சொல்ல வேண்டும். திரும்பினேன். அவள் என் பக்கமே பார்க்கவில்லை. பின்னால் திரும்பி, "ஏய் நிவே, சும்மா இரு. அவ சொல்லுவா" என்றாள். "பெர்னத், உக்காரு" என்றார் மேடம். உட்கார்ந்தாள். உட்கார்ந்து, இரண்டு கையையும் வாய்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள், நிஜமாகவே, சின்னப் பிள்ளைகள் செய்வது மாதிரி, அவளுக்கு அப்படி ஒன்று தேவைப்பட்டது. நான் பார்த்தேன். மூக்கு நுனி இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. என்மேல் கோபம் போகவில்லை, அந்தக் கோபத்தோடேயே அவள் எனக்காக வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், இதற்குப் பிறகு நான் எப்படி நேரயனி என்று சொல்ல முடியும்? பலகையைப் பார்த்துத் திரும்பினேன். நாக்கை மறுபடி மேலே கொண்டுபோய் அதே இடத்தில் ஒட்டவைத்தேன், வேண்டுமென்றே, இவ்வளவு காலத்தில் முதல்முறையாக நானாகப் போய் அந்தக் கதவின் முன் நின்றேன். "கா" என்றேன். "கா... கா..." யாரோ கிளுக்கென்றார்கள், சரி, காக்காதான், இருக்கட்டும், "கா... கார்போகேட்டயான்." வந்துவிட்டது. வகுப்பில் கைதட்டல் ஒன்றும் இல்லை, யாரோ பக்கத்தைப் புரட்டினார்கள், மேடம் "ம், அப்புறம்?" என்றார்.

அப்புறம் கால் தரையில் இல்லை எனக்கு. "அப்புறம் நீர் வந்து இதோட இணையுது" என்று சொல்லி, ஆக்சிஜனையும் அதன் இரண்டு ஹைட்ரஜனையும் போட்டு, பிளஸ்ஸிலிருந்து கிளம்பித் தண்ணீருக்குப் போகிற அந்த இரண்டாவது அம்பை ஒரே இழுப்பில் இழுத்தேன். "நில்லு" என்றார் மேடம். தெரியும், இதோ வருகிறது, பரவாயில்லம்மா, உக்காரு. "அது என்ன அம்பு? எங்கேர்ந்து கிளம்புது?" "கா... கார்பன்லேர்ந்து மேடம்." "கார்பன்கிட்ட என்ன இருக்கு?" "ப்... ப்... பிளஸ்." "பிளஸ்னா இருக்குன்னு அர்த்தமா, இல்லைன்னு அர்த்தமா?" யோசித்தேன். "இல்லைன்னு மேடம்." "இல்லாதவன் எதைம்மா குடுப்பான்? அம்புங்கறது எலெக்ட்ரான் நடக்கிற வழி. யார்கிட்ட இருக்கோ அங்கேர்ந்துதான் கிளம்பும். ஆக்சிஜன்கிட்ட சும்மா ஒரு ஜோடி இருக்கு, அது வரும் கார்பனைத் தேடி. கார்பன் எங்கேயும் போகாது, நின்ன இடத்துல நிக்கும். இது மொத்தமும் தப்பு. அழி. முதல்லேர்ந்து சொல்லு." வகுப்பு சிரித்தது. என் அம்பைப் பார்த்துச் சிரித்தது. நான் பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றேன், கண்ணில் நீர் வந்துவிட்டது, அழுகிறாள் பாவம் என்று நினைத்திருப்பார்கள், பாவம் ஒன்றுமில்லை. என் பேச்சைக் கேட்டு ஒருவர் அதில் தப்பு கண்டுபிடித்திருக்கிறார். எப்படிச் சொன்னேன் என்பதில் இல்லை, என்ன சொன்னேன் என்பதில். மறுபடி சொல் என்று யாரும் என்னிடம் சொன்னதேயில்லை, போதும் போதும் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள், ஒரு தடவை கேட்டதே அவர்களுக்கு அதிகம். இவர் முதலிலிருந்து கேட்கிறார், அந்தக் கார்போகேட்டயானையும் சேர்த்து இன்னொரு தடவை. இவருக்கு இருக்கிற கொஞ்ச நேரத்தில் இன்னொரு தடவை. அந்த நிமிஷம் அவர் காலைத் தொடச் சொன்னால் தொட்டிருப்பேன். டஸ்டரைத் தேடாமல் உள்ளங்கையாலேயே அழித்தேன்.

முதலிலிருந்து சொன்னேன். புரோமினில் இந்த முறை நீளமாக மாட்டிக்கொண்டேன், கா ஒரே தட்டலில் திறந்தது, ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது, அது எப்போதும் அப்படித்தான், சொல்லிக்கொண்டு வராது சொல்லிக்கொண்டு போகாது, நாளைக்கே மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஆக்சிஜனின் தலையில் இரண்டு புள்ளி வைத்தேன், அங்கிருந்து கிளம்பி வளைந்து பிளஸ்ஸில் போய் முடிகிற அம்பைப் போட்டேன், போடும்போது இவ்வளவு நாளும் இது இப்படித்தானே இருந்தது, நான்தான் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று தோன்றியது. "த... த... தண்ணிகிட்ட இருக்கிற ஜோடி கார்பனுக்கு வருது" என்றேன். தண்ணி என்றே சொன்னேன். கடைசியில் மிச்சமாக ஒட்டியிருந்த ஹைட்ரஜனையும் கழற்றிவிட்டு ஆல்கஹாலை எழுதி முடித்தேன். மேடம் பலகையை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். "கடைசி ஸ்டெப்புக்கு அம்பு போடல. அடுத்த தடவை விட்டா மார்க் போயிடும். உக்காரு" என்றார், அப்போது மணி அடித்தது, பாதிப் பேர் பையைத் தூக்கிக்கொண்டு அதற்குள் வாசலில் இருந்தார்கள்.

பஸ் நிறுத்தத்தில் பெர்னத் எனக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். அவள் எதிர்த்திசையில் பார்த்துக்கொண்டிருந்தாள். "நன்றி" என்றேன். மெல்லினத்தில் தொடங்குகிற சொல், ஒரு சிரமமும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது, அதனாலேயே அது போதாதது போலிருந்தது. அவள் திரும்பினாள். "வாயப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கிறது எவ்வளவு கஷ்டம்னு தெரியுமாடி உனக்கு? செத்துட்டேன். நாக்கெல்லாம் நமநமங்குது. எங்கம்மா பாத்திருந்தா மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்தியிருக்கும்" என்றாள், ஒரே மூச்சில், மதியத்திலிருந்து சேர்த்து வைத்திருந்ததெல்லாம் கொட்டியது, நிவேதாவைத் திட்டினாள், மேடத்தின் புடவையைப் பற்றிச் சொன்னாள், எலுமிச்சை சாதம் இன்னும் மீதி இருக்கிறது, ஊசிப்போவதற்குள் தின்னு என்று டிபன் பாக்ஸை என் கையில் திணித்தாள். மூடியை நான்தான் திறந்தேன். நின்றபடியே தின்றோம், அவள் ஒரு வாய், நான் ஒரு வாய். பிறகு சட்டென்று குரல் இறங்கி, "அடுத்த வகுப்பு என் முறைடி. எனக்கு அது புரியவே இல்ல. இல்லாதவன்தானே போய்க் கேக்கணும்? தண்ணி எதுக்கு அதுவா வரணும்?" என்றாள். என்னிடம்தான் கேட்டாள். புரியவில்லை, நீ சொல்லு என்று என்னிடம் யாரும் வந்து கேட்டதில்லை. நாங்கள் ஏற வேண்டிய, சத்திரம் பஸ் ஸ்டாண்டு போகிற பஸ் வந்து நின்றது, கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார், பெர்னத் கையை ஆட்டி நீங்க போங்க என்றாள், பஸ் போய்விட்டது. நான் விரலால் காற்றில் ஆக்சிஜனின் இரண்டு புள்ளிகளை வைத்தேன். "அது வந்து, த..." என்று ஆரம்பித்தேன், பல்லுக்குப் பின்னால் கல் விழுந்தது. பெர்னத்தின் உதடு திறந்தது. மூடிக்கொண்டது. ஒரு பருக்கை அவள் மோவாயில் ஒட்டியிருந்தது. டிபன் பாக்ஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எனக்கு அவசரமில்லை என்பது மாதிரி, அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.